நோட்டர் டேம் 1956: பத்து ஆட்டம், எட்டு தோல்வி, ஒரு விருது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தோற்றுப்போன அணிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 1956இல் நோட்டர் டேம் தோற்ற கதை தனி. பத்து ஆட்டத்தில் எட்டைக் கோட்டைவிட்டது அணி; அதே அணியின் ஆட்டக்காரர் ஒருவர் அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருதை வாங்கினார். இது எப்படி நடந்தது என்று கேட்பவர்கள் இன்றும் கேட்கிறார்கள். பலமுறை காதில் விழுந்த கேள்விகளையும், முதலில் படித்தபோது நானே குழம்பிய இடங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில், இது நம்ம ஊர் கால்பந்து இல்லைதானே?

இல்லை. பெயர் ஒன்றுதான், மற்றபடி இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது. பக்கத்துக்குப் 11 பேர். மைதானம் 100 கெஜ நீளம். கையில் முட்டை வடிவப் பந்து. நான்கு வாய்ப்புக்குள் பந்தைக் குறைந்தது 10 கெஜம் முன்னே நகர்த்த வேண்டும். நகர்த்திவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு உதைத்து இரு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் கூடுதலாக 1. ஆகவே "40–0" என்று கீழே படிக்கும்போது நாற்பது கோல் என்று திகைக்க வேண்டாம். ஏறக்குறைய ஆறு டச்டவுன். அதுவும் அவமானம்தான், ஆனால் நடக்கக்கூடிய அவமானம்.

குவார்ட்டர்பேக் என்ற சொல் அடிக்கடி வரும். ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுக்கும் ஆள் அவர்.

நோட்டர் டேம் என்பது எங்கே இருக்கிறது?

இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரை ஒட்டி. 1842இல் பிரெஞ்சுப் பாதிரியார் எட்வர்ட் சோரின் தொடங்கிய கத்தோலிக்கக் கல்வி நிறுவனம். பெயர் பிரெஞ்சு என்றாலும் உச்சரிப்பு அமெரிக்கர்களுடையது: "நோட்டர் டேம்". பாரிஸ் தேவாலயத்தைச் சொல்வதுபோல் சொன்னால் அங்கே சிரிப்பார்கள்.

ஒரு கல்லூரி அணி தோற்றதற்கு நாடே ஏன் பேசியது?

நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் மண்டல அளவிலான போட்டி, ஒரு கோப்பை, பிரின்சிபாலோடு ஒரு குரூப் போட்டோ, அத்துடன் சரி. அமெரிக்காவில் விஷயம் வேறு. 1930இல் நோட்டர் டேம் கட்டிய மைதானத்திலேயே அப்போது ஏறக்குறைய 59,000 பேர் உட்கார முடிந்தது. தொழில்முறை ஃபுட்பால் இன்றுபோல் வளராத காலம் அது. சனிக்கிழமை கல்லூரி ஆட்டம்தான் பெரிய ஆட்டம்.

அதிலும் நோட்டர் டேமுக்கு இன்னொரு பலம் உண்டு. ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகளின் பிள்ளைகள், கத்தோலிக்கர்கள் என்பதால் ஏளனத்துக்கு ஆளானவர்கள், கல்லூரிப் பக்கமே போகாதவர்கள் – இவர்களெல்லாம் இந்த அணியைத் தங்கள் அணி என்று எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் சுரங்க ரயிலேறி ஆட்டம் பார்க்கப் போகும் இந்த ரசிகர்களுக்குச் 'சுரங்க ரயில் பழைய மாணவர்கள்' என்றே பெயர் விழுந்தது. வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத பழைய மாணவர்கள்!

இத்தனைக்கும் அடித்தளம் போட்டவர் நூட் ராக்னி. 1918 முதல் 1930 வரை பயிற்சியாளர். 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன். 1931 மார்ச்சில் கான்சஸில் விமானம் விழுந்து இறந்துபோனார். பின்னாளில் ஃபிராங்க் லேஹி வந்தார். 1943, 1946, 1947, 1949 என்று நான்கு முறை தேசிய சாம்பியன் பட்டம். 1946 முதல் 1949 வரை நான்கு வருடம் இந்த அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இந்த உயரத்தில் இருந்து பார்த்தால்தான் 1956 எவ்வளவு பெரிய பள்ளம் என்று புரியும். அதற்கு முன் தோல்வி அதிகமாக இருந்த சீசன் 1933 ஒன்றுதான் ரசிகர்களின் நினைவில் இருந்தது. ஒரே சீசனில் எட்டு தோல்வி என்பது அதுவரை நடக்காத ஒன்று.

பயிற்சியாளர் யார்? உண்மையிலேயே அவருக்கு 28 வயதுதானா?

உண்மைதான். டெர்ரி பிரென்னன், 1928 ஜூனில் பிறந்தவர். நோட்டர் டேமிலேயே லேஹியின் கீழ் ஆடியவர். 1947இல் ராணுவக் கல்லூரியான ஆர்மி அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஆரம்ப உதையையே பிடித்து 97 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். அந்த ஓட்டத்தாலேயே ஊரெல்லாம் பெயர் தெரிந்தது. பிறகு சிகாகோவில் மவுண்ட் கார்மல் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சியாளராகி மூன்று வருடம் தொடர்ந்து நகர சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே சமயத்தில் சட்டமும் படித்து முடித்தார்.

1953 அக்டோபரில் ஜார்ஜியா டெக்குடன் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் லேஹி சுருண்டு விழுந்தார். உடைமாற்றும் அறையில் பாதிரியார் வந்து, சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் சொல்லும் ஜெபத்தையே சொல்லிவிட்டார். லேஹி பிழைத்துக்கொண்டார், ஆனால் சீசன் முடிந்ததும் பதவியை விட்டு விலகினார். அந்த நாற்காலியில் 25 வயது பிரென்னனை உட்கார வைத்தது நிர்வாகம். அவர் ஆடவைக்க வேண்டிய பையன்களுக்கும் அவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம்.

ஆரம்பம் மோசமில்லை. 1954இல் 9 வெற்றி, 1 தோல்வி. 1955இல் 8 வெற்றி, 2 தோல்வி. "லேஹி விட்டுப்போன பையன்களை வைத்து யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" என்ற முணுமுணுப்பு இருந்தது. முழுப் பொய் என்றும் அதைச் சொல்ல முடியாது.

அந்தப் பத்து ஆட்டங்களும் எப்படிப் போயின?

செப்டம்பர் 22, டல்லஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்திடம் 19–13 என்று தோற்றதில் தொடங்கியது. நெருக்கமான ஆட்டம்தான். அடுத்து சொந்த மைதானத்தில் இண்டியானாவை 20–6 என்று அடித்தார்கள். சரி, வண்டி தடத்துக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதன் பிறகு ஐந்து வாரம், ஐந்து தோல்வி. பர்டியூ 28–14, அந்த அணியின் குவார்ட்டர்பேக் லென் டாசன், பிற்பாடு தொழில்முறை ஆட்டத்தில் பெரிய பெயரெடுத்தவர். மிச்சிகன் ஸ்டேட் 47–14. ஒக்லஹோமா 40–0. பால்டிமோரில் கடற்படைக் கல்லூரி 33–7. பிட்ஸ்பர்க்கில் 26–13. நவம்பர் 17 அன்று நார்த் கரோலினாவை 21–14 என்று ஜெயித்தது மட்டும் நடுவில் ஒரு மூச்சு. அடுத்த வாரம் ஐயோவா 48–8 என்று துவைத்து எடுத்தது. கடைசியாக டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சலஸில் தெற்குக் கலிபோர்னியா 28–20.

கூட்டிப் பார்த்தால் எடுத்தது 130 புள்ளி, கொடுத்தது 289. ஒன்றைக் கவனியுங்கள்: முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் ஒரு டச்டவுன் தூரத்தில், அல்லது கொஞ்சம் கூட. நடுவில்தான் அணி நொறுங்கியது.

40–0 ஆட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அடித்தவர்கள் யார் என்பதால். பட் வில்கின்சன் பயிற்சி கொடுத்த ஒக்லஹோமா அப்போது தோற்காத அணி. கடைசியாகத் தோற்றது 1953இன் முதல் ஆட்டத்தில், 28–21 என்று. தோற்கடித்தது இதே நோட்டர் டேம், லேஹியின் கடைசி வருடத்தில். அதற்கு அடுத்த ஆட்டம் சமன். அப்புறம் வரிசையாக வெற்றி, வெற்றி, வெற்றி. 1956 அக்டோபர் 27 அன்று சவுத் பெண்டில் அவர்கள் எடுத்தது தொடர்ச்சியாக 35வது வெற்றி. மூன்று வருடம் முன்பு பட்ட கடனை, கடன் கொடுத்தவன் வீட்டு முற்றத்திலேயே வந்து வட்டியோடு கணக்குத் தீர்த்தார்கள். அந்த வருடம் பத்து ஆட்டத்தையும் ஜெயித்து ஒக்லஹோமா தேசிய சாம்பியன் ஆனது.

சரி, தோற்றதற்கு என்னதான் காரணம்?

ஒரே காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் என்னைக் கேட்டால் முதல் காரணம் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது.

1940களின் இறுதியிலேயே நோட்டர் டேம் நிர்வாகத்துக்கு ஒரு சங்கடம் வந்துவிட்டது. எங்கே போனாலும் "நீங்கள் ஃபுட்பால் கல்லூரிதானே?" என்கிறார்கள். பாதிரியார்களுக்கு இது உறுத்தியது. விளையாட்டுக்காகத் தரும் உதவித்தொகைகளைக் குறைத்தார்கள். விளைவு 1950இலேயே தெரிந்தது: லேஹிக்கே அந்த வருடம் 4 வெற்றி, 4 தோல்வி, 1 சமன்தான். 1952இல் தலைவரான பாதிரியார் தியோடர் ஹெஸ்பர்க், படிப்பில் இந்த நிறுவனம் முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று உறுதியாக இருந்தவர். ஃபுட்பால் பல்கலைக்கழகத்துக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அது தப்பான ஆசை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பையன்களைக் குறைத்தவர்கள் ஆட்ட அட்டவணையைக் குறைக்கவில்லை. 1956இல் எதிரே நின்றவர்களின் வெற்றி–தோல்விக் கணக்கைப் பாருங்கள்: ஒக்லஹோமா 10–0, ஐயோவா 9–1, தெற்குக் கலிபோர்னியா 8–2, கடற்படை ஆறு வெற்றிக்கு ஒரே தோல்வி. சமையல்காரரிடம் அரிசியைப் பாதியாக்கிக் கொடுத்துவிட்டு, பந்தியில் இலை குறையக்கூடாது என்று சொல்வதுபோல்.

அடுத்தது வயசு. அந்தக் காலத்தில் முதலாமாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடக்கூடாது. 1972இல்தான் அந்த விதி போனது. ஆகவே இரண்டாம் ஆண்டு மாணவர் என்றால் களத்துக்குப் புதுசு. 1954, 1955 அணிகளின் அனுபவசாலிகள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1956இல் பிரென்னன் கையில் மிஞ்சியது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுப் பையன்கள்தான். போதாக்குறைக்கு காயங்கள் வேறு.

மூன்றாவது, ஆட்ட விதி. இன்று தாக்குதலுக்கு 11 பேர், தடுப்புக்கு வேறு 11 பேர். 1953இல் இருந்து பத்து வருடத்துக்கு மேல் அப்படிக் கிடையாது. வெளியே போன ஆட்டக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. ஆகவே ஒரே ஆள் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தால், ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் மூன்றாவதிலேயே மூச்சு வாங்கும். 47, 40, 48 என்ற எண்களெல்லாம் அப்படித்தான் வருகின்றன.

பிரென்னன் பங்கு? உண்டு. இளம் வயது, பிடிவாதம், லேஹியைப்போல் விரட்டி வேலை வாங்காத சுபாவம். ஆனால் இவற்றை நான் நான்காவதாகத்தான் வைப்பேன். லேஹி அப்படி நினைக்கவில்லை. தன் பழைய சிஷ்யனின் அணியை வெளிப்படையாகவே குறை சொன்னார். அது பிரென்னனுக்கு ரொம்ப வலித்திருக்கும்.

பால் ஹார்னங் யார்? அவர் என்ன செய்தார்?

கெண்டக்கியில் லூயிவில் நகரத்துப் பையன். அப்பா பிரிந்து வாழ்ந்ததால் அம்மாதான் வளர்த்தார். பொன்னிற முடி, சினிமா முகம். 'தங்கப் பையன்' என்று பட்டப்பெயர். 1956இல் நான்காம் ஆண்டு, அணியின் குவார்ட்டர்பேக்.

குவார்ட்டர்பேக் என்று சொல்வது பாதிக் கதைதான். பந்தெறிந்ததில் அணியில் முதல்வர் அவர்: 111 எறிந்து 59 சேர்ந்தது, 917 கெஜம். பந்தோடு ஓடியதிலும் முதல்வர்: 94 ஓட்டத்தில் 420 கெஜம். புள்ளி எடுத்ததிலும், எதிராளி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடியதிலும், தொலைவுக்கு உதைத்ததிலும், எதிராளியின் எறிதலைத் தட்டிவிட்டதிலும் முதல்வர். எதிராளியின் எறிதலைப் பறித்ததிலும், எதிராளியைப் பிடித்துத் தள்ளியதிலும் இரண்டாம் இடம். அணியின் 130 புள்ளியில் 56 அவருடையது. எறிதலும் ஓட்டமும் சேர்ந்து 1,337 கெஜம், நாட்டிலேயே இரண்டாவது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த ரகம் தெரியும். மறுமுனையில் வரிசையாக விக்கெட் விழுந்துகொண்டிருக்கும், ஒருவர் மட்டும் ஒரு பக்கம் நின்று அடித்துக்கொண்டிருப்பார். ஹார்னங் அப்படி அடித்துவிட்டு, பந்துவீசி, விக்கெட் காப்பும் செய்த மாதிரி.

13 முறை பந்தை எதிராளி பறித்துக்கொண்டாராமே?

ஆமாம். அவர் எறிந்ததில் டச்டவுன் ஆனது 3, எதிராளி கைக்குப் போனது 13. இதை மறைத்து எழுதுபவர்கள் உண்டு. பின்தங்கிய அணி அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறியத்தான் செய்யும், அந்தக் காலத்தில் எறிதலும் இன்றைய அளவுக்குத் துல்லியம் இல்லை என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். இருந்தாலும் 3க்கு 13 என்பது நல்ல கணக்கு இல்லை.

பிறகு எப்படி ஹைஸ்மன் கோப்பை அவருக்குப் போனது?

ஹைஸ்மன் என்பது நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் 1935 முதல் கொடுத்துவந்த விருது. நாடு முழுவதும் இருக்கும் விளையாட்டு நிருபர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும்: முதல் பெயருக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1.

1956இல் ஹார்னங் 1,066. டென்னஸீயின் ஜானி மேஜர்ஸ் 994. ஒக்லஹோமாவின் டாமி மெக்டொனால்ட் 973. அதே ஒக்லஹோமாவின் ஜெர்ரி டப்ஸ் 724. சிரக்யூஸின் ஜிம் பிரவுன் 561, ஐந்தாமிடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் பெயராக அதிகம் எழுதப்பட்டவர் ஹார்னங் இல்லை. மெக்டொனால்டுக்கு 205, ஹார்னங்குக்கு 197. ஒக்லஹோமாவின் இரண்டு பேர் ஒரே அணி ஓட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊர்த் தேர்தலில் ஒரே தெருவில் இரண்டு பேர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று பெயர் பழக்கம். 1955இலேயே இந்த ஓட்டெடுப்பில் ஹார்னங் ஐந்தாமிடம். தொலைக்காட்சி எல்லா ஆட்டத்தையும் காட்டாத காலம். டெக்சஸில் இருக்கும் நிருபர் டென்னஸீ ஆட்டத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. நோட்டர் டேம் செய்தி மட்டும் எல்லாப் பத்திரிகைக்கும் வரும். நோட்டர் டேமின் விளம்பர அதிகாரி சார்லி கலஹன் கெட்டிக்காரர் வேறு. 1956க்கு முன்பே நான்கு ஹைஸ்மன் அங்கே போயிருந்தது.

ஜிம் பிரவுனுக்கு அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

என் கருத்தும் அதுதான். எட்டே ஆட்டத்தில் 986 கெஜம் ஓடியவர். கோல்கேட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி: ஆறு டச்டவுன், அதற்கு மேல் ஏழு உதை. சிரக்யூஸ் அந்த வருடத்தின் வழக்கமான சீசனில் ஒரே ஆட்டத்தில்தான் தோற்றது. தோற்ற அணிக்காரருக்கு விருது கொடுக்கக்கூடாது என்பதில்லை என் வாதம். ஹார்னங் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் பிரவுன் ஐந்தாமிடம் என்பதற்கு ஆட்டத்துக்குள் காரணம் தேடினால் கிடைக்காது. அவர் கறுப்பர். அதுவரை எந்தக் கறுப்பருக்கும் ஹைஸ்மன் கிடைத்ததில்லை. முதலில் வாங்கியவர் எர்னி டேவிஸ், 1961இல். அவரும் சிரக்யூஸ்காரர், அதே 44ஆம் எண் சட்டை அணிந்தவர்.

பிரவுன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் கிளீவ்லாண்டுக்காக ஒன்பது சீசன் ஆடினார். அதில் எட்டு சீசனில் ஓட்டத்தில் நாட்டிலேயே முதலிடம். ஓட்டுப் போட்டவர்களுக்குப் பதில் சொன்னது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட்டார்.

மேஜர்ஸ் ஆதரவாளர்களும் இன்றுவரை சமாதானமாகவில்லை. டென்னஸீ அந்த வருடத்தின் வழக்கமான சீசனில் பத்துக்குப் பத்து. அவர்கள் கோபமும் நியாயம்தான்.

தோல்வி அதிகமான அணியில் இருந்து வேறு யாராவது ஹைஸ்மன் வாங்கியிருக்கிறார்களா?

இல்லை. இன்றுவரை ஹார்னங் ஒருவர்தான்.

1956 முடிந்ததும் பிரென்னனை நீக்கிவிட்டார்களா?

அப்போது நீக்கவில்லை. பழைய மாணவர்கள் கத்தினார்கள், நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது.

அதற்குப் பலனும் கிடைத்தது. முந்தைய வருடம் அடி வாங்கிய பையன்களுக்கு ஒரு வயது கூடியிருந்தது. 1957 நவம்பர் 16 அன்று ஒக்லஹோமாவின் நார்மன் நகருக்குப் போனார்கள். அன்று அந்த மாநிலத்துக்கு ஐம்பதாவது பிறந்தநாள். 1907இல் அதே தேதியில்தான் அது மாநிலமானது. ஒக்லஹோமா 47 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. நோட்டர் டேம் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்றே முக்கால் பகுதி வரை 0–0. பிறகு நோட்டர் டேம் 80 கெஜத்தை இருபது வாய்ப்பில் பொறுமையாக நகர்த்திக்கொண்டு வந்தது. நான்காவது வாய்ப்பு, இன்னும் மூன்று கெஜம். குவார்ட்டர்பேக் பாப் வில்லியம்ஸ் நடுவே கொடுப்பதுபோல் காட்டிவிட்டு வெளியே தள்ளிய பந்தை டிக் லிஞ்ச் வாங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். 7–0. ஆட்டம் முடிய நாலு நிமிடம்கூட இல்லை. ஒக்லஹோமாவின் 47 வெற்றித் தொடர் அத்துடன் முடிந்தது. பெரிய கல்லூரிகளில் அந்தத் தொடரை இன்னும் யாரும் தாண்டவில்லை. தொடருக்கு முன் அவர்களைக் கடைசியாக ஜெயித்ததும் நோட்டர் டேம், தொடரை முடித்ததும் நோட்டர் டேம்.

வில்லியம்ஸும் லிஞ்சும் 1956இன் 40–0ஐப் பார்த்தவர்கள்.

அப்படியிருந்தும் ஏன் வேலை போனது?

1957இல் 7–3, 1958இல் 6–4. நோட்டர் டேமுக்கு அது போதவில்லை. 1958 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் பிரென்னனை நீக்கினார்கள். அவருக்குச் சின்னக் குழந்தைகள். 'ஃபுட்பால் கல்லூரி என்ற பெயர் வேண்டாம்' என்று சொன்ன அதே நிர்வாகம், 32 வெற்றி 18 தோல்வி என்ற கணக்குக்காகப் பண்டிகை நேரத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியதைப் பத்திரிகைகள் விடவில்லை, கிழித்தன. முப்பது வயதில் அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. சிகாகோவில் முதலீட்டு வங்கித் தொழிலுக்குப் போய் நன்றாகவே வாழ்ந்தார். 2021இல், 93 வயதில் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர் நிமிர்த்தினாரா?

எங்கே! ஜோ குஹாரிச் தொழில்முறை அணியில் இருந்து வந்தார். நான்கு வருடத்தில் 17 வெற்றி, 23 தோல்வி. 1960இல் மறுபடி அதே 2–8, அதுவும் தொடர்ச்சியாக எட்டு தோல்வி. 1964இல் ஆரா பர்சீகியன் வந்து முதல் வருடமே 9–1 காட்டிய பிறகுதான் சவுத் பெண்டில் நிம்மதி. 1956க்கு பிரென்னன் ஒருவர்தான் காரணம் என்று சொல்பவர்களிடம் 1960ஐக் காட்டுங்கள், பேச்சு நின்றுவிடும்.

ஹார்னங் பிறகு என்ன ஆனார்?

1957இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கியெடுத்தபோது முதல் ஆளாக கிரீன் பே அணிக்குப் போனார். இரண்டு வருடம் திண்டாட்டம். 1959இல் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்து, நீ குவார்ட்டர்பேக் வேண்டாம், ஓடு என்றார். 1960இல் 12 ஆட்டத்தில் 176 புள்ளி. ஒரு சீசனுக்கான அந்தச் சாதனை 2006 வரை நின்றது. முறியடிக்க 16 ஆட்டம் தேவைப்பட்டது. கிரீன் பேயோடு நான்கு சாம்பியன் பட்டம்.

நடுவில் ஒரு கறை. ஆட்டங்களின்மேல் பந்தயம் கட்டியதற்காக 1963 முழுவதும் தடை. அவரோடு சேர்ந்து தடைபட்ட இன்னொருவர் அலெக்ஸ் கராஸ். எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதா என்றால், இருக்காது, நான் மேலே சொல்லவில்லை: 1956இல் 48–8 என்று துவைத்த அந்த ஐயோவா அணியின் முன்வரிசையில் நின்றவர்தான் கராஸ். ஹார்னங் 2020 நவம்பரில் லூயிவிலில் காலமானார்.

காலத்தில் பின்னே போய் ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

பலரும் நார்மன், 1957 என்பார்கள். நான் 1956 டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சலஸுக்குத்தான் போவேன். ஏழு தோல்வி முடிந்துவிட்டது. ஜெயித்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. ஹார்னங்குக்கு இரண்டு கட்டைவிரலிலும் காயம், பந்தை ஒழுங்காகப் பிடித்து எறிய முடியவில்லை. சரி, எறிய முடியாதவன் ஓடலாமே என்று ஓட்டக்காரர் இடத்தில் இறங்கினார். எதிராளி உதைத்த பந்து அவரிடம் வந்தது. தன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு ஐந்து கெஜம் முன்னால் பிடித்தார். 95 கெஜம், நிறுத்த ஆளில்லை.

முடிவில் 28–20. எட்டாவது தோல்வி.